காற்றுப்புகா வீட்டில் கணப்பு: குழாயைப் பெரிதாக்கினால் புகை நிற்குமா?

குளிர்ப் பகுதியில் புது வீடு கட்டிக் குடியேறியிருக்கும் வாசகி ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது: வீடு 120 சதுர மீட்டர், கூரை உயரம் இரண்டரை மீட்டர், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்கள். கட்டி முடித்ததும் நடந்த காற்றுக்கசிவுச் சோதனையில், 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு 0.8 தடவைதான் காற்று மாறுகிறது என்று அறிக்கை வந்தது. கூடத்தில் கதவில்லாத திறந்த கணப்பு, அதாவது குளிர்காய விறகு எரிக்கும் சுவர்க்குழி. அதன் வாய் 90 சென்டிமீட்டர் அகலம், 70 உயரம். புகைபோக்கி 25 சென்டிமீட்டர் விட்டம், 6 மீட்டர் உயரம். வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி ஏறுகிறது. கணப்பின் பின்சுவரில் 100 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வெளிக்காற்றைக் கொண்டுவருகிறது.

இவ்வளவு இருந்தும், சமையலறைப் புகை உறிஞ்சியைப் போட்டால் கூடத்தில் புகை சூழ்கிறது. நெருப்பு மூட்டாத நாட்களிலும் காலையில் கரி வாடை அடிக்கிறது. கணப்பு எரிந்த இரவுக்கு மறுநாள் மாமியாருக்குத் தலைவலி. கடைக்குப் போய்வந்தால் விட்டுவிடுகிறது. குழாயை 150 மில்லிமீட்டராக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். காற்றோட்டக் கருவிதான் இருக்கிறதே, அதன் வேகத்தைக் கூட்டினால் போதாதா என்கிறார் கணவர். யார் சொல்வது சரி என்று கேட்டுவிட்டு, “கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை, அதனால் உயிருக்கு ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்தானே?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பதிலை முழுதாகப் படிக்கும் முன்பே ஒரு முடிவு எடுங்கள்: குறை தீரும்வரை அந்தக் கணப்பில் நெருப்பு மூட்டாதீர்கள்.

வீட்டு அலாரம் குறைந்த அளவு கார்பன் மோனாக்சைடுக்கு ஒலிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஐரோப்பியத் தரப்படி, காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு இருந்தால் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒலித்தால் போதும். 30 பங்கு என்றால் இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒலிக்கவே கூடாது. அதற்குக் கீழே இருக்கும் அளவில் இரவெல்லாம் மூச்சுவிட்டாலும் அலாரம் வாய் திறக்காமலே இருக்கலாம். வீட்டில் இருக்கும்போது தலைவலி, வெளியே போனால் தெளிவு என்பது இந்த வாயுவுக்கே உரிய அடையாளங்களில் ஒன்று. உங்கள் மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, கணப்பு எரிந்த விவரத்தையும் சொல்லுங்கள். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்பதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிஜன் மானி இதைக் காட்டாது. இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தமாகவே எண்ணிக் காட்டும். நெருப்பு அணைந்து பல மணி நேரம் கழித்துச் செய்த ரத்தப் பரிசோதனையிலும் அளவு குறைந்துபோயிருக்கும். ஆகவே அறிக்கை சரியாக வந்தாலும் கணப்பை மீண்டும் மூட்ட அதைக் காரணமாக்க வேண்டாம்.

இன்னொன்று. புகை கண்ணில் படும் நேரத்தை விட அது அடங்கிய நேரமே அதிக ஆபத்தானது. நீறு பூத்த தணலில் சுடர் இருக்காது, புகை இருக்காது. கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏராளமாக வரும். அதே வேளையில் புகைபோக்கி ஆறிக்கொண்டே வருவதால் அதன் இழுவையும் தளரும். வீடு உறங்கும் நேரமும் அதுதான்.

புகை ஏன் உள்ளே வருகிறது

எல்லாரும் இதைக் காற்றுப் பற்றாக்குறை என்று பார்க்கிறார்கள். உங்கள் கடிதமும் அப்படித்தான் பார்க்கிறது. நெருப்புக்குக் காற்று போதவில்லை, எனவே இன்னும் காற்று கொடுப்போம் என்ற கணக்கு. நான் இதை அழுத்தப் போட்டியாகப் பார்க்கச் சொல்வேன். புகைபோக்கி வீட்டுக் காற்றை மேலே இழுக்கிறது. சமையலறை உறிஞ்சியும் குளியலறை விசிறியும் துணி உலர்த்தியும் அதே காற்றை வேறு பக்கம் இழுக்கின்றன. இழுப்பில் வலுத்தது வெல்லும். தோற்ற வழியில் வெளிக்காற்று உள்ளே இறங்கும். தோற்றது புகைபோக்கி என்றால், இறங்கும் காற்றோடு புகையும் வரும்.

புகைபோக்கியின் வலு எவ்வளவு என்று பார்ப்போம். வெளியே 0 டிகிரி, உள்ளே புகை 100 டிகிரி என்றால் 6 மீட்டர் புகைபோக்கி சுமார் 20 பாஸ்கல் இழுவை தரும். நெருப்பு மூட்டும் முன், புகைபோக்கிக் காற்று வீட்டின் வெப்பநிலையில் இருந்தால் 5 பாஸ்கல். ஆனால் உங்களுடையது வெளிச்சுவரில் நிற்கிறது. இரவு முழுக்கக் குளிர்ந்து அதற்குள் இருக்கும் காற்று 5 டிகிரிக்கு இறங்கிவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய 1 பாஸ்கல்தான். எந்த விசிறியும் அதைத் தோற்கடித்துவிடும். காலையில் அடிக்கும் கரி வாடைக்குக் காரணம் இதுதான்: புகைபோக்கி வழியே காற்று கீழே இறங்கி, கரிப் பூச்சின் மணத்தைக் கூடத்துக்குக் கொண்டுவருகிறது.

அடுத்து, எவ்வளவு காற்று வேண்டும். திறந்த கணப்பிலிருந்து புகை வெளியே சிந்தாமல் இருக்க, அதன் வாய் முழுக்கக் காற்று விநாடிக்கு 0.2 மீட்டர் அளவிலாவது உள்நோக்கி ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 0.63 சதுர மீட்டர் வாய்க்கு அது மணிக்கு 450 கன மீட்டர். இதில் விறகு எரியச் செலவாவது கொஞ்சம்தான். ஒரு கிலோ உலர்ந்த விறகு எரிய 5 கன மீட்டருக்கும் குறைவான காற்றே கணக்குப்படி வேண்டும். மீதி எல்லாம் புகையைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய காற்று. உங்கள் வீட்டின் உட்கொள்ளளவு 300 கன மீட்டர். 0.8 தடவை என்றால் 50 பாஸ்கலில் 240 கன மீட்டர் கசியும். பின்னால் சொல்லப்போகும் பாதுகாப்பு வரம்பான 4 பாஸ்கலுக்கு அதைக் கணக்கிட்டால் 46 கன மீட்டர். கணப்பு 450 கேட்கிறது, உங்கள் உறிஞ்சி முழு வேகத்தில் 600 கேட்கிறது, வீட்டின் இடுக்குகள் தருவது 46. கசிவின் வழியாக மட்டுமே 450 வர வேண்டுமென்றால் வீட்டுக்குள் 130 பாஸ்கல் தாழ்வழுத்தம் உண்டாக வேண்டும், அதாவது உள்ளே அழுத்தம் வெளியை விட அவ்வளவு குறைய வேண்டும். 20 பாஸ்கல் இழுவை உள்ள புகைபோக்கியால் அது நடக்காது.

குழாயைப் பெரிதாக்குவது

ஒப்பந்தக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பலரும் சொல்வதையே சொல்கிறார். ஆனால் கணக்கு அவர் பக்கம் இல்லை. வெளி வலை, இரண்டு வளைவு, சில மீட்டர் நீளம் எல்லாம் சேர்ந்த 100 மில்லிமீட்டர் குழாய், 4 பாஸ்கலில் தரும் காற்று மணிக்கு 30 கன மீட்டரை ஒட்டி இருக்கும். 150 ஆக்கினால் 80. உங்களுக்கு வேண்டிய 450-ஐ அதே அழுத்தத்தில் தர 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை வேண்டும். அதைச் சுவரில் போட்டால், காற்றுப்புகாமல் கட்டியதற்கே பொருளில்லை.

“அப்படியானால் ஜன்னலைச் சற்றே திறந்து வைத்துக்கொள்கிறோம்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மீட்டர் உயர ஜன்னலை 2 சென்டிமீட்டர் திறந்தால் 4 பாஸ்கலில் 110 கன மீட்டர் வரும். 450-க்கு 8 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். உறிஞ்சியும் ஓடினால் இருபதுக்குக் குறையாமல். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க மூட்டிய நெருப்புக்காகக் குளிரை உள்ளே அழைக்க வேண்டியிருக்கும்.

இதை விட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. திறந்த கணப்பில் குழாய் எங்கிருந்து வந்தாலும், கணப்பின் வாய் கூடத்தைப் பார்த்துத் திறந்தே இருக்கிறது. கூடத்தில் தாழ்வழுத்தம் உண்டானால், குழாயில் வரும் வெளிக்காற்று தீயறை வழியாகக் கூடத்துக்குள் நுழைந்துவிடும். புகையையும் தள்ளிக்கொண்டு வரும். குழாய் இருப்பதால் கணப்பு வீட்டிலிருந்து தனியாகிவிடுவதில்லை.

அந்தப் பிளாஸ்டிக் குழாயைப் பற்றி எழுதும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. காற்று விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும்போது, காற்று மோதாத மறுபக்கச் சுவரில் 20 பாஸ்கல் அளவுக்கு உறிஞ்சல் உண்டாகும். குழாயின் வெளிவாய் அந்தச் சுவரில் இருந்தால், அது புகைபோக்கியோடு சரிக்குச் சரி போட்டியிடும். ஓட்டம் திரும்பி, சூடான வாயுவும் தீப்பொறியும் குழாய் வழியே சுவருக்குள் போகும். தீயறையில் முடியும் எரிகாற்றுக் குழாய் எரியாத பொருளால், அதாவது உலோகத்தால் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. அந்தக் குழாயை அகற்றச் சொல்லுங்கள். அகற்றும்போது, அதைச் சுற்றியிருந்த மரமோ நுரைக் காப்போ கருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றோட்டக் கருவி

உங்கள் கணவரின் யோசனை இயல்பானது. ஆனால் வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவி எவ்வளவு காற்றை உள்ளே தருகிறதோ அவ்வளவையும் வெளியே எடுத்துவிடும். வேகத்தைக் கூட்டினால் இரண்டும் கூடும். கணப்புக்கு எதுவும் மிஞ்சாது. உள்வரத்தை மட்டும் கூட்டிச் சமநிலையைக் கெடுத்தால், வீட்டின் ஈரக்காற்று சுவர் இடுக்குகளுக்குள் தள்ளப்பட்டு அங்கே குளிர்ந்து நீராகப் படியும். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கடுங்குளிரில் உறைபனி பிடிக்காமலிருக்கச் சில கருவிகள் உள்வரும் விசிறியைத் தானாக நிறுத்திவிட்டு, வெளியேற்றும் விசிறியை மட்டும் ஓட்டும். கணப்பு அதிகம் எரியும் நாட்களும் அவைதான். உங்கள் கருவி உறைபனிக் காப்பை எப்படிச் செய்கிறது என்று கையேட்டில் பாருங்கள். விசிறியை நிறுத்தும் வகை என்றால், உள்வரும் காற்றை முன்கூட்டிச் சூடாக்கும் வகைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் இதே சமநிலைக் கேடு வரும்.

என்ன செய்யலாம்

நான் பரிந்துரைப்பது ஒன்றைத்தான்: திறந்த கணப்பைக் கைவிட்டு, அதே குழிக்குள் கண்ணாடிக் கதவுள்ள மூடிய விறகடுப்பைப் பொருத்துவது. ஆனால் கதவு இருப்பதெல்லாம் மூடிய அடுப்பு ஆகிவிடாது. அறைக்காற்றைச் சாராமல் இயங்குவது என்று சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற வகையாக இருக்க வேண்டும். வெளிக்காற்றுக் குழாயை மாட்ட ஒரு வளையம் மட்டும் வைத்துவிட்டு, கண்ணாடியில் கரி படியாமல் மேலிருந்து வீசும் காற்றையும், புகையை எரிக்க உதவும் இரண்டாம் நிலைக் காற்றையும் அறையிலிருந்தே எடுக்கும் அடுப்புகள் நிறைய உண்டு. வாங்கும் முன் “எல்லாக் காற்றும் இந்த ஒரே குழாய் வழியாகத்தான் வருகிறதா, கதவு தானாக மூடிக்கொள்ளுமா” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அளவிலும் அவசரப்பட வேண்டாம். இவ்வளவு இறுக்கமான, நன்கு காப்பிட்ட வீட்டுக்குப் பெரும்பாலும் 4 அல்லது 5 கிலோவாட் போதும். பெரியதை வாங்கினால் கூடம் வெந்துபோகும். நீங்கள் காற்றைக் குறைத்துப் புகைய விடுவீர்கள். கண்ணாடியும் புகைபோக்கியும் தார் பிடிக்கும். 5 கிலோவாட் அடுப்பு மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ விறகு எரிக்கும். அதற்கு 15 கன மீட்டர் காற்று போதும். திறந்த கணப்பு கேட்டது 450 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். இந்த 15-ஐ உலோகத்தாலான 100 மில்லிமீட்டர் குழாய் சிரமமில்லாமல் தந்துவிடும்.

புகைபோக்கிக்குள் காப்பிட்ட எஃகு உட்குழாய் இறக்க வேண்டும். இந்த அளவு அடுப்புக்கு வழக்கமாக 15 சென்டிமீட்டர் விட்டம், முடிவான அளவு அடுப்பின் கையேட்டில் இருக்கும். இப்போதிருக்கும் 25 சென்டிமீட்டர் வழி சிறிய அடுப்புக்கு மிகப் பெரிது. புகை மெல்ல ஏறி, ஆறி, ஒட்டிக்கொள்ளும். உட்குழாய்க்குக் காப்பு இருந்தால் வெளிச்சுவர்க் குளிரின் தொல்லையும் குறையும்.

மூடிய அடுப்பு வந்த பிறகும் உறிஞ்சியை மறக்க முடியாது. விறகு போடக் கதவைத் திறக்கும் அந்த நேரம் தீயறையும் கூடமும் ஒன்றாகிவிடும். ஜெர்மனியில் அறைக்காற்றைச் சார்ந்த அடுப்பு இருக்கும் வீட்டில் விசிறிகள் உண்டாக்கும் தாழ்வழுத்தம் 4 பாஸ்கலைத் தாண்டக் கூடாது என்பது வழக்கிலுள்ள வரம்பு. சாராத வகைக்கு 8. நீர்மட்டக் கணக்கில் 4 பாஸ்கல் என்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 600 கன மீட்டர் உறிஞ்சி உங்கள் வீட்டில் இரண்டையும் எளிதில் தாண்டிவிடும். ஆகவே இவற்றில் ஒன்றைச் செய்யுங்கள்: கரி வடிகட்டியோடு காற்றை அறைக்குள்ளேயே திருப்பிவிடும் உறிஞ்சிக்கு மாறுவது, அல்லது ஜன்னல் திறந்திருந்தால் மட்டுமே உறிஞ்சிக்கு மின்சாரம் போகும்படி தொடுசுவிட்ச் வைப்பது, அல்லது தாழ்வழுத்தம் வரம்பைத் தொட்டதும் உறிஞ்சியை நிறுத்தும் அழுத்தக் காவல் கருவி. முதலாவதே எளிது, பழுதாகவும் வாய்ப்புக் குறைவு. அதைத் தேர்ந்தால் சமையல் ஈரத்தைக் காற்றோட்டக் கருவிதான் வெளியேற்ற வேண்டும் என்பதால், சமைக்கும் நேரத்தில் அதை வேகப்படுத்திக்கொள்ளுங்கள். துணி உலர்த்தி வெளியே காற்று விடும் வகை என்றால் அதற்கும் இதே கவனம் தேவை.

திறந்த கணப்பையே காப்பாற்றுவது இன்னொரு வழி. விசிறியால் காற்றை உள்ளே தள்ளி, அதைச் சூடாக்கி, எல்லா உறிஞ்சிகளோடும் இணைத்துக் கட்டுப்படுத்தலாம். செய்ய முடியாததல்ல. ஆனால் மணிக்கு 450 கன மீட்டர் குளிர்காற்றைச் சூடாக்கும் செலவு, கணப்பு அறைக்குத் தரும் வெப்பத்தை விழுங்கிவிடும். வாயின் அளவிலும் குறை இருக்கிறது: வட்டப் புகைபோக்கியின் குறுக்குப்பரப்பு கணப்பு வாயில் 12-ல் ஒரு பங்காவது இருக்க வேண்டும், உங்களுடையது 13-ல் ஒன்று. வாயின் மேல்விளிம்பில் 10 சென்டிமீட்டர் உலோகத் தகடு வைத்தால் இது மட்டும் சரியாகும். மற்றது சரியாகாது. உங்கள் வீட்டுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

புதுக் குழாய் போடும்போது தவறும் இடங்கள்

வெளிவாய் தீயறையை விட உயரத்தில் இருக்கக் கூடாது. உயர்ந்தால் அதுவே இன்னொரு புகைபோக்கியாகிவிடும். கார் நிறுத்தும் அறை, நிலவறை ஆகியவற்றிலிருந்தும் காற்றை எடுக்கக் கூடாது; அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் இதையெல்லாம் வெளிப்படையாகவே தடுக்கின்றன. பனி குவியும் உயரத்துக்கு மேலே, துணி உலர்த்தியின் வெளிவாய்க்குத் தள்ளி இருக்கட்டும்.

வலையை 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள, துருப்பிடிக்காத கம்பியில் போடச் சொல்லுங்கள். கொசுவலை போட்டால் ஒரே பருவத்தில் தூசியும் பஞ்சும் அடைத்து, குழாய் இருந்தும் இல்லாததாகிவிடும். அடைப்பு சுவருக்கு வெளியே, யார் கண்ணிலும் படாத இடத்தில் நடப்பதால் அடுப்பைத்தான் குறை சொல்வார்கள்.

குழாய்க்குள் ஓடுவது உறைகுளிர்க் காற்று. வீட்டுக்குள் வரும் நீளம் முழுவதும் மூடிய கண்ணறை நுரைக் காப்பைக் குறைந்தது 25 மில்லிமீட்டர் கனத்தில் சுற்றி, இணைப்புகளை ஈரம் புகாத பட்டையால் ஒட்ட வேண்டும். இல்லையேல் குழாயின் மேல் வியர்த்து நீர் சொட்டி, தரையடியில் மரம் இற்றுப்போகும். அடுப்பை ஒட்டிய கடைசிப் பகுதியில் மட்டும் இந்த நுரை கூடாது; அங்கே எரியாத காப்பு. குழாய் வெளிப்பக்கம் சரிந்து இருக்கட்டும். நெளிகுழாய் வேண்டாம்; அதன் மடிப்புகள் வழவழப்பான குழாயை விட இரண்டு மூன்று மடங்கு தடை கொடுக்கும். காற்றுப்புகாமல் மூடும் அடைப்புத் தகடு ஒன்றும் தேவை; அடுப்பு எரியாத நாளில் மூடி வைக்கலாம். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது கைப்பிடியைப் பார்த்ததும் தெரிய வேண்டும்.

சுவரைத் துளைத்த இடத்தைக் காற்றுத்தடைப் படலத்தோடு சேர்த்து ஒட்டாமல், நுரையை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுப்புப் பொருத்தியபின் கசிவுச் சோதனையை இன்னொருமுறை செய்தால் அகப்பட்டுவிடும்.

ஒப்பந்தக்காரரிடம் பேசும்போது

பேசும் முன் நெருப்பில்லாமல் ஒரு சோதனை செய்யுங்கள். எல்லா ஜன்னலையும் மூடி, புகைபோக்கியை மூடித் திறக்கும் தகட்டைத் திறந்து, கணப்பு வாயின் மேல்விளிம்பில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். உறிஞ்சியை ஒவ்வொரு வேகத்திலும், பிறகு குளியலறை விசிறி, துணி உலர்த்தி என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். எதைப் போட்டபோது புகை கூடத்துப் பக்கம் திரும்பியது என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படமும் எடுங்கள்.

பிறகு எழுத்தில் இவற்றைக் கேளுங்கள்: எல்லா விசிறியும் முழு வேகத்தில் ஓடும்போது கூடத்தின் தாழ்வழுத்தத்தை மின்னணு அழுத்தமானியால் அளந்த அறிக்கை, எரிகாற்றுக் குழாயின் அளவை முடிவு செய்த கணக்கு, பிளாஸ்டிக் குழாயைக் கணப்பில் பொருத்த அனுமதிக்கும் உற்பத்தியாளர் குறிப்பு. கசிவு 0.8 என்று அறிக்கை கையில் இருக்கும்போதே திறந்த கணப்பையும் 600 கன மீட்டர் உறிஞ்சியையும் ஒரே வீட்டில் வைத்தது வடிவமைப்புக் குறை. வடிவமைத்தவர் ஒருவர், கட்டியவர் வேறொருவர் என்றால் இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். உங்கள் ஒப்பந்தத்தில் குறைகளைத் தெரிவிக்கக் கெடு இருக்கும்; அது முடியுமுன் கடிதம் போய்ச் சேர வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால், கட்டட அனுமதி தந்த அலுவலகத்திடமும் உங்கள் பகுதி வழக்கறிஞரிடமும் அந்தக் குறிப்புகளைக் காட்டுங்கள். குழாயை 150 ஆக்கித் தருகிறேன் என்று இப்போது வந்தால், சமாதானத்துக்காகக்கூட ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறகு “நீங்கள் கேட்டதைச் செய்தோமே” என்று ஆகிவிடும்.

வேலை தொடங்கும்வரை புகைபோக்கித் தகட்டை மூடி, பிளாஸ்டிக் குழாயின் உள்வாயையும் அடைத்துவிடுங்கள்; காலைக் கரி வாடை பெருமளவு குறையும். அடைத்திருக்கிறது என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை எழுதி, கணப்பு வாயிலேயே தொங்கவிடுங்கள். விவரம் தெரியாத விருந்தாளி ஒருவர் குளிருக்காக நெருப்பு மூட்டிவிடக் கூடாது. அலாரத்தைக் கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் ஒன்றும், மாமியார் படுக்கும் அறையில் இன்னொன்றுமாக வையுங்கள். அதன் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.